மேலே வேண்டாம், கீழே கொண்டுவாரும்

என் மகன் எட்வின் மலையில் மூச்சு விட முடியாமல் இருமுகிறான் என்று போன் வந்தபோது நான் அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது. கணவரை ஏற்கெனவே மண்ணுக்குக் கொடுத்தவள் நான். எனக்கு ஒரே பிள்ளை. அவனும் போய்விட்டால் இந்தத் தேசத்தில் எனக்கு யார் இருக்கிறார்கள்? அந்த நேரம் ஜெபம்கூட வரவில்லை.

பிரியமானவர்களே, நான் தூத்துக்குடிப் பக்கம். அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தேன். சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்ல எனக்குக் கால் நடுங்கும். அதனால் எழுதித் தருகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆண்டவர் செய்ததில் பிழை இல்லை.

நாங்கள் அமெரிக்காவில், நியூஜெர்சியில் பிஸ்கட்டவே என்கிற ஊரில் இருக்கிறோம். எட்வின், மருமகள் பெனிட்டா, பேத்தி ஷெரின், நான். உடம்பு கனத்துவிட்டது, நடக்கவேண்டும் என்று டாக்டர் எட்வினிடம் சொன்னார். நடக்க ஆரம்பித்தவனுக்கு அதுவே பைத்தியமாகிவிட்டது. ஆபீஸ் நண்பர்களோடு ஆப்பிரிக்காவில் கிளிமஞ்சாரோ மலை ஏறப்போகிறேன் என்றான்.

"வழிகாட்ட கைடு வருவாரும்மா. கூடாரம், சாமான் எல்லாம் சுமக்க ஆள் உண்டு. பல நாளா மெதுவா ஏறி, அங்கங்க தங்கித் தங்கிப் போறது. பயப்பட ஒண்ணுமே இல்ல" என்றான்.

பழக்கத்துக்காக, கடையில் வாங்கின அரிசி மூட்டையை முதுகுப் பையில் வைத்துக்கொண்டு பக்கத்துக் காட்டு மேட்டில் ஏறி இறங்குவான். அப்புறம் அதே அரிசியைத்தான் நான் பொங்குவேன். "அத்தை, உங்க மகன் முதுகு வேர்வை ஊறின அரிசி, ரெண்டு தரம் சேர்த்துக் களைங்க" என்று பெனிட்டா கேலி பண்ணுவாள்.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் தமிழ் ஜெபக்கூட்டம் வீடு மாற்றி வீடு நடக்கும். எட்வின் கிளம்புவதற்கு முந்தின கூட்டத்தில் எல்லாரும் அவன் தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். கூட்டத்தை நடத்துகிற ஜெயசிங் தம்பி நல்ல மனுஷன், விசுவாசமுள்ளவர். "நம்ம எட்வின் உச்சியில நின்னு ஆண்டவரைத் துதிப்பார், இது நடக்கும்" என்று அறிக்கையிட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். சபைப் பேர் போட்டு ஒரு துணி பேனரும் செய்து கொடுத்தார்கள். உச்சியில் அதைப் பிடித்து போட்டோ எடுக்கவேண்டும், சபை ஆண்டுவிழாவில் பெரிய திரையில் காட்டவேண்டும் என்று ஏற்பாடு.

நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். எங்கள் கூட்டத்தில் கைகோத்து வட்டமாக நின்று ஒவ்வொருவராக ஜெபிப்பார்கள். என் முறை வந்தால் பக்கத்திலிருக்கிற சகோதரி கையை நான் அழுத்திவிடுவேன். அவர்கள் புரிந்துகொண்டு தொடங்கிவிடுவார்கள். அமெரிக்கா வந்த நாள் முதல் அப்படித்தான். வாய் திறந்து நான் ஜெபித்து யாரும் கேட்டதில்லை, என் மகன் உட்பட. என் ஜெபம் எல்லாம் அடுப்புக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும்.

போன வருஷம் ஆகஸ்ட் மாதம், ஒரு சனிக்கிழமை. அன்றைக்குக் கூட்டம் எங்கள் வீட்டில். வாசலில் கார் வந்துகொண்டேயிருக்கிறது. இங்கே நல்ல வெயில், அங்கே ராத்திரி. உச்சிக்குப் போகிற கடைசி ஏற்றத்தை நடுராத்திரியில் தொடங்குவார்களாம். அதற்காகவே எல்லாரும் ஜெபிக்கக் கூடினார்கள். ரெண்டு நாளாக அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை, மேலே போன் லைன் கிடைக்கவில்லை.

அப்போதுதான் எட்வினோடு போன கார்த்திக் கூப்பிட்டான். பெனிட்டா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, எட்வின் ரொம்ப இருமுறான். ஆக்சிஜன் ரொம்ப கம்மியா காட்டுது. கைடு இம்மானுவேல் இப்பவே இறங்கணும்ங்கிறார். இவன் கேக்கவே மாட்டேங்கிறான். ஷூ மாட்டிக்கிட்டு இருக்கான். நீங்க சொல்லுங்க."

பெனிட்டா கத்தினாள். "எட்வின், லூசா நீ? இறங்கு!"

அவன் குரல் வந்தது. அது என் பிள்ளையின் குரல் மாதிரியே இல்லை. தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. "பெனி, இன்னும் கொஞ்சம்தான். சர்ச்ல எல்லாரும் ஜெபிச்சு அனுப்பியிருக்காங்க. பேனரை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தா எந்த முகத்த வெச்சுக்கிட்டு வருவேன்? பெலன் தருவார். ஜெபிங்க."

ஜெயசிங் தம்பி உடனே, "சோர்ந்துபோற வார்த்தை யாரும் பேசவேண்டாம், பெலனுக்காக ஜெபிப்போம்" என்றார். எல்லாரும் சத்தமாக ஆரம்பித்தார்கள். அவனை மேலே கொண்டுபோம், உயர்த்தும், உச்சியில் நிறுத்தும் என்று. போனுக்குள்ளே அவன் இருமல். இங்கே இத்தனை பேர் சத்தம். அவர்கள் அன்போடுதான் ஜெபித்தார்கள். ஆனால் அந்த ஒவ்வொரு வார்த்தையும் என் பிள்ளையை முதுகில் கைவைத்து மேலே தள்ளுகிற மாதிரி எனக்கு இருந்தது.

நான் அடுப்படி வாசலில் நின்றேன். கையில் அரிசித் தண்ணீர் சொட்டுகிறது. உள்ளே ஒன்று சொல்லியது: நீ கேள். நான் எப்படிக் கேட்பேன் ஆண்டவரே, இவ்வளவு பேர் ஒன்றைக் கேட்கும்போது நான் வேறொன்றை எப்படிக் கேட்பேன்? மறுபடியும் சொல்லியது: நீ கேள்.

எப்படி நடந்து போனேன் என்று தெரியாது. போன் பக்கத்தில் போய் முழங்கால் போட்டேன். கத்திவிட்டேன்.

"ஆண்டவரே, என் பிள்ளைய மேல கொண்டுபோகாதேயும். எனக்கு உச்சி வேண்டாம், போட்டோ வேண்டாம். அவனக் கீழ கொண்டுவாரும். அவன் வெக்கப்படுறான் ஆண்டவரே, அந்த வெக்கத்த எடுத்துப்போடும். அவன் கால நீரே திருப்பிவிடும். எய்யா எட்வினு, இறங்குய்யா. ஆமென்."

மற்றவர்களைப்போல அழகான வார்த்தை எனக்கு வரவில்லை. வீட்டில் பேசுகிற பேச்சுதான் வந்தது. போனுக்குள்ளிருந்து வேறொரு கனமான குரல், "ஆமினா" என்றது. அது கைடு இம்மானுவேல். தமிழ் தெரியாது, ஆனால் ஒரு தாய் ஜெபிக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் ஊரில் ஆமென் என்பதை அப்படித்தான் சொல்வார்களாம்.

பிறகு என் மகன் அழுகிற சத்தம் கேட்டது. "சரிம்மா. இறங்குறேன்மா" என்றான். அத்தோடு லைன் போய்விட்டது.

ரெண்டு நாளாகக் கிடைக்காத லைன் அந்தச் சில நிமிஷம் கிடைத்து, அந்த வார்த்தையோடு போய்விட்டது. இதை நீங்கள் என்ன சொல்வீர்களோ, நான் ஆண்டவர் என்றுதான் சொல்வேன்.

அதற்குப் பிறகு காத்திருந்ததை என்னால் எழுத முடியாது. ஜெயசிங் தம்பி வீட்டுக்குப் போகவில்லை. அடுப்படிக்கு வந்து, "ஆன்ட்டி, இறங்கணும்னு ஜெபிக்க எனக்குத் தோணவே இல்ல" என்று சொல்லிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நீங்க பாசத்துலதான கேட்டீங்க, எழுந்து ஒரு வாய் சாப்பிடுங்க" என்றேன். சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. ஷெரின் என் மடியில் வந்து படுத்து, "ஆச்சி, யூ வேர் ஸோ லௌட்" என்றாள். அந்தத் துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கிளம்புகிற நேரத்தில் இம்மானுவேலே கூப்பிட்டார். எட்வின் அடிவாரத்து ஊரில் ஆஸ்பத்திரியில் இருக்கிறான், உயிரோடு இருக்கிறான். நுரையீரலில் நீர் கோத்திருந்ததாம். மேலே ஏறியிருந்தால் திரும்பியிருக்கமாட்டான் என்று அங்கே டாக்டர் சொன்னாராம். பெனிட்டா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். நான் ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வழியில் நடந்ததை எட்வின் வந்த பிறகு சொன்னான். பாதி தூரம் கூட வந்தவர்கள் தோளில் கைபோட்டு இறங்கியிருக்கிறான். பிறகு கால் ஓடவில்லை. ஒற்றைச் சக்கரம் வைத்த ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து, கல்லும் புழுதியுமான பாதையில் சாமான் சுமக்கிற ஆட்கள் பிடித்து இறக்கியிருக்கிறார்கள். கட்டுகிற வார் ஒன்று அறுந்துபோயிருக்கிறது. இம்மானுவேல் எட்வின் பையைத் திறந்து, அந்தப் பேனரை எடுத்து முறுக்கி, அவன் நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார். "அது மட்டும் இல்லன்னா நான் வளைவுல உருண்டிருப்பேன்மா" என்றான்.

அந்தப் பேனர் வீட்டுக்கு வந்தது. துவைத்தேன். செம்மண் கறை போகவில்லை, சபைப் பேரில் பாதி கிழிந்துவிட்டது. ஆண்டுவிழாவில் ஜெயசிங் தம்பி அதை அப்படியே மேடையில் தொங்கவிட்டார். போட்டோ இல்லை. என் மகன் அதன் கீழே நின்றான். அது போதாதா?

எட்வின் இப்போது காலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறான். முன்னே ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அரிசி மூட்டையையும் எடுத்துக்கொண்டு நடக்கத்தான் செய்கிறான், சமதரையில். ஆனால் "என்னைவிட உங்களைத்தான் ஆண்டவர் அதிகமா மாத்திட்டாரு" என்று என்னைச் சொல்லுகிறான். உண்மைதான். வட்டத்தில் என் முறை வந்தால் இப்போது யார் கையையும் நான் அழுத்துவதில்லை. குரல் நடுங்கும், நடுங்கட்டும்.

என்னைப்போல வெட்கப்பட்டு ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற சகோதரிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதினேன். உங்கள் வயிற்றில் என்ன எரிகிறதோ அதைக் கேளுங்கள். எல்லாரும் வேறொன்றைக் கேட்டாலும் நீங்கள் அதைக் கேளுங்கள். வார்த்தை தெரியவில்லையென்றால் வீட்டுப் பேச்சிலேயே கேளுங்கள், அவருக்கு அது புரியும். ஏறினதற்குச் சாட்சி சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். இறக்கிக் கொண்டுவந்தாரே, அதற்கு நான் சாட்சி.