வேப்பம் புண்ணாக்கும் ஆறு மாடுகளும்

புளித்ததும் கெட்டுப்போனதும் ஒன்றுதான் என்று நம்பும் ஊரில் நொதித்தல் ஆராய்ச்சி செய்வதைப் போல ஒரு தண்டனை கிடையாது. எம்.எஸ்ஸி. புராஜெக்டுக்காக அலைந்தவர்களுக்கு என் வலி புரியும்.

வேப்பம் புண்ணாக்கு கசக்கும், மாடு தொடாது. நுண்ணுயிர் கலந்து சில நாள் மூடிவைத்தால் கசப்பு குறையும், மாடு தின்னும் என்பது என் கட்சி. மூன்று மாடுகளுக்கு அது, மூன்றுக்கு வழக்கமான கடலைப் புண்ணாக்கு என்று வைத்து, இருபத்தொரு நாள் பாலை அளந்து எழுத வேண்டும். எழுதாவிட்டால் பட்டம் இல்லை.

எண்ணெய் மில்

மேற்குத் தாம்பரம் மில்லில் ஒரு மூட்டை கேட்டேன். தென்னைக்கு எருவா என்றார் முதலாளி. மாட்டுக்கு என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, அந்த மாட்டுக்கும் உனக்கும் ஏதாவது முன்பகையா?"

வாசலில் கறந்த பால்

ஆறு மாடு வைத்திருந்த கோவிந்தம்மா அக்கா போனால் போகிறதென்று ஒப்புக்கொண்டார். மாட்டை வாடிக்கைக்காரர் வாசலுக்கே ஓட்டிப்போய்க் கறப்பவர். மூன்றாம் நாளே, ரயில்வே குடியிருப்பு மாமி ஒருவர் பால் கசக்கிறதென்று சண்டைக்கு வந்தார். அன்று கறந்தது கடலைப் புண்ணாக்கு மாடு. அதை விளக்கி அரை மணி நேரம் வாதாடினேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மாமி சொன்னார்: "உன் சயன்ஸ் உனக்குத் தெரியும், என் காபி எனக்குத் தெரியும்."

ஒரே தொட்டி

பத்தொன்பதாம் நாள் சொல்லாமல் போய் நின்றேன். ஒரே தொட்டியில் ஆறு தலைகள். இரண்டு புண்ணாக்கும் கழனித் தண்ணீரில் ஒன்றாக ஊறிக் கிடந்தன. முதல் நாளிலிருந்தே இப்படித்தானா என்றேன். அக்கா கையை உதறிக்கொண்டே சொன்னார்: "பின்ன இன்னாமா? ஆறும் ஒரே வூட்ல வளந்ததுங்க. மூணுக்கு ஒண்ணு, மூணுக்கு வேறன்னு வெக்க நான் இன்னா மாத்தாந்தாயா?"

பேராசிரியர் அறை

என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். தலையை நிமிர்த்தாமல், ஒரு மாட்டுக்கும் பால் குறையவில்லையே, மூன்று மூன்றாகப் பிரித்து எழுதிவிடு என்றார். அது பொய் சார் என்றேன். "பொய்யா? அது டேபிள்மா. சீக்கிரம் டைப்புக்குக் குடு."

கொடுக்கவில்லை; ஆகவே எனக்குப் பட்டம் அடுத்த வருஷம்தான், அதுவும் ஓரவஞ்சனை செய்யக் கூசாத ஒரு மாட்டுக்காரர் தாம்பரத்துக்குள் அகப்பட்டால்.