துணிக்கு ஆகாத மருந்து

எக்ஸ்போர்ட் கம்பெனில கம்ப்ளையன்ஸ் வேலைன்னா வேற ஒண்ணும் இல்லீங்க, துணி சுத்தம்னு பேப்பர்ல சத்தியம் பண்றது. திருப்பூர்ப் பக்கம் அருள்புரத்துல கொழந்தைத் துணி தைக்கற கம்பெனில நான் அதத்தான் பண்றேன். காலையில காலேஜ், கெமிஸ்ட்ரி ரெண்டாம் வருசம். மத்தியானத்துக்கு மேல கம்பெனி. படுக்கறது கம்பெனி ஹாஸ்டல்ல. நீங்களும் எவனோ எழுதுன "எல்லாம் சரி"க்குக் கீழ இனிசியல் போடற ஆளா இருந்தா, வாங்க, பக்கத்துல உக்காருங்க.

செவுத்து லிஸ்ட்டு

முதல் நாளே ஆபீஸ் செவுத்துல ஒரு லிஸ்ட்டப் பாத்தேன். எங்ககிட்டத் துணி வாங்கற வெளிநாட்டுப் பையர் அனுப்புனது. துணியில இருக்கவே கூடாத பூச்சிமருந்துங்க பேரு, நாலு பக்கம், லேமினேசன் போட்டு. காட்டுல பருத்திக்கு அடிச்ச மருந்து நூலுக்கு வந்து, துணிக்கு வந்து, அவங்க ஊர்க் கொழந்த மேல பட்டுரக் கூடாதாம். நல்ல விசயந்தான். ஒவ்வொரு பேரா வெரல் வெச்சுப் படிச்சேன். மேனேஜர் சண்முகம் அண்ணன் பின்னாடி வந்து நின்னாரு.

"அதப் படிக்காத கண்ணு. அது ஆடிட்டர் படிக்கறதுக்கு."

ஞாயித்துக்கெழம மருந்து

ஹாஸ்டல்ல மூட்டப்பூச்சி. திருப்பூர்ல ஹாஸ்டல்ல இருந்தவங்களுக்கு இத வெளக்கவே வேண்டாம். ஞாயித்துக்கெழம மத்தியானமானா மெயின்டனன்ஸ் முருகேசு அண்ணன் முதுகுல ஸ்ப்ரேயர மாட்டிக்கிட்டு, ஒரு வெள்ளக் கேனோட வருவாரு. கட்டில், பாய், தலகாணின்னு ஒண்ணு விடாம அடிப்பாரு. ஒரு மணி நேரம் வெளிய நிக்கணும், அவ்வளவுதான் பாதுகாப்பு. உள்ள போனா கண்ணு எரியும்.

என் ரூம்ல செல்வின்னு ஒருத்தி. தூத்துக்குடிப் பக்கம், ஓவர்லாக் டெய்லர். சின்ன வயசுல இருந்தே இளைப்பு. திங்கக்கெழம விடிஞ்சா அவ நெஞ்சுல விசில் சத்தம் கேக்கும், படி ஏற முடியாது. வரிசையா மூணு திங்கக்கெழம லீவு. நாலாவது லீவு போட்டா வேற ஆளு பாத்துக்குவோம்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. எனக்கு அந்தக் கேன் மேல சந்தேகம். லேபிள் இல்ல. தானா கிழிஞ்ச மாதிரியும் இல்ல, நகத்துல சொரண்டுன மாதிரி இருந்துச்சு. "ஏனுங்கண்ணா, லேபிள் எங்கீங்க?"ன்னு கேட்டேன்.

"பூச்சிக்குப் படிக்கத் தெரியாது அம்மணி, அதான் எடுத்துட்டேன்."

பல்லடம் கடை

கேன ஃபோன்ல படம் புடிச்சுக்கிட்டுப் பல்லடத்துல ஒரு உரக்கடைக்குப் போனேன். கடைக்காரரு பாத்த ஒடனே அதே கேன எடுத்து மேசை மேல வெச்சாரு, லேபிளோட. மஞ்ச முக்கோணம், கடும் வெசம்னு அர்த்தம். 'விவசாயத்துக்கு மட்டும்'னு இருக்குது. மருந்து பேரு எங்க செவுத்து லிஸ்ட்டுல ரெண்டாம் பக்கம். கீழ பொடி எழுத்துல செஞ்ச நாட்டுப் பேரு. எந்த நாடுங்கறீங்க? எங்க பையரோட நாடு!

அங்கயே நின்னு ஃபோன்ல நோண்டிப் பாத்தேன். அவங்க ஊர்க் காட்டுல இத அடிக்கத் தடை. செஞ்சு கப்பல்ல ஏத்தறதுக்குத் தடை இல்ல. நாடுங்க எல்லாம் சேந்து ஒப்பந்தம் வேற போட்டிருக்காங்க: இந்த மாதிரிச் சரக்க அனுப்பறதுக்கு முன்னால வாங்கற நாட்டுக்குத் தகவல் சொல்லணுமாம். தில்லிக்குச் சொன்னாங்களோ என்னமோ, செல்விகிட்ட யாரும் சொல்லல. கடைக்காரருகிட்டயே சண்டைக்குப் போனேன். அவரு அசரல.

"அவங்க ஊருக்குத்தானுங்க ஆகாது, நம்மூருக்கு ஆகும். அஞ்சு லிட்டரா, ஒரு லிட்டரா?"

பாஸ்

மேனேஜர்கிட்டப் போயி லிஸ்ட்டையும் ஃபோட்டோவையும் காட்டுனேன். அவரு நிதானமா ஃபைலத் தொறந்து லேப் ரிப்போர்ட்டக் காட்டுனாரு. துணி பாஸ். "துணிதான் பாஸ் ஆயிருச்சே, நீ எதுக்கு ஃபெயில் ஆன மாதிரி கத்தறே?"ன்னாரு. நான் துணியப் பத்தியா பேசுனேன்? கோவத்துல ரூமுக்கு வந்து, "நாளைக்கே கலெக்டர் ஆபீஸுக்கு மனு எழுதறேன், கையெழுத்துப் போடு"ன்னு செல்விகிட்ட நோட்ட நீட்டுனேன். அவ கட்டில்ல உக்காந்து மூச்ச இழுத்துக்கிட்டே நோட்டத் தள்ளி விட்டா.

"ஏட்டி, இங்கேருந்து தொரத்துனா ஒனக்குக் காலேஜ் கெடக்கு. எனக்கு எங்கட்டி கெடக்கு?"

சாம்பிள் ரூம்

எங்க கம்பெனில ஒரு வழக்கம். பையரோட ஆளு வந்து சோதிக்கற ஆடிட்டுக்கு மொத நாள் ஹாஸ்டல்ல இருக்கற கேன் காணாமப் போயிரும், ஆடிட்டர் போனதும் திரும்பி வந்துரும். எங்க போகுதுன்னு எனக்கு ரொம்ப நாளாத் தெரியல.

இந்தத் தடவ ஆடிட்டு முடிஞ்சு, கேன் திரும்பி வர்றதுக்குள்ள, லேபுக்குப் போன துணி ஃபெயில். ரெண்டாம் பக்கத்து மருந்தேதான். ஆபீஸ் தீப்புடிச்ச மாதிரி ஆயிருச்சு. நூல் மில்லுன்னாங்க, சாயப்பட்டறைன்னாங்க, நானும் மில்லுக்காரங்களத்தான் சந்தேகப்பட்டேன். அப்பறம் சாம்பிள் ரூம் பீரோவத் தொறந்தா, லேபுக்குன்னே தனியா எடுத்து வெச்ச துணி ரோலு மேல சாஞ்சுக்கிட்டு அந்தக் கேன். மூடி லூசு, ரோலு ஓரம் ஈரம். பூட்டு இருக்கற ரூம்னு முருகேசு அண்ணன் அங்க ஒளிச்சிருக்காரு. சண்முகம் அண்ணன் தலையில கைய வெச்சுக்கிட்டாரு.

"துணிக்குப் பக்கத்துல யாராச்சும் வெசத்த வெப்பாங்களா! எடுத்துட்டுப் போயி ஹாஸ்டல்லயே வையப்பா!"

காரணம் எழுதற கட்டம்

ஃபெயில் ஆனா, ஏன் ஆச்சுன்னு பையருக்கு ஃபாரம் அனுப்பணும். எழுதறது என் வேலை. 'காரணம்'ங்கற கட்டத்துல, ஹாஸ்டல்ல அடிக்கற மருந்த ஒளிச்சு வெச்சதுதான்னு எழுதி, மேனேஜர் டீ குடிக்கப் போன நேரத்துல அனுப்பிட்டேன். சென்னையில இருக்கற பையர் ஆபீஸ் மேடம் ஃபோன் பண்ணுனாங்க. "ஹாஸ்டல் எங்க லிஸ்ட்டுல வராதும்மா, லிஸ்ட்டு துணிக்கு மட்டும்"னாங்க. எனக்கு வந்த கோவத்துக்கு, "சரிங்க மேடம், அந்த மருந்து அடிச்ச கட்டில்ல படுத்து எந்திரிச்ச கையிலதான் உங்க துணியத் தைக்கறோம்"னேன். மேடம் டக்குன்னு ஃபோன வெச்சுட்டாங்க. சாயங்காலமே, ஹாஸ்டல்ல அந்த மருந்து அடிக்கக் கூடாதுன்னு பையர்கிட்ட இருந்து தடை வந்துருச்சு. அடுத்த ஞாயித்துக்கெழம அயனிங் செக்சன் ஸ்டீம் மிசினக் கொண்டாந்து கட்டிலுக்கெல்லாம் ஆவி புடிச்சாங்க. பூச்சி செத்துச்சு. திங்கக்கெழம செல்வி படியேறி வந்து மிசின்ல உக்காந்தா. நான் ஜெயிச்ச மாதிரி சிரிச்சேன். அவ தைக்கற பாப்பா சட்டையத் தூக்கிக் காட்டுனா.

"நம்ம மூச்சுக்கு யாருட்டி பயந்தா? இதுக்குல்லா பயந்தானுவ."

ஆக, இப்ப நாங்களும் ஏற்றுமதித் தரந்தானுங்க, என்ன, அந்தக் கேன் எங்க போச்சுன்னு கேட்டா மட்டும் ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க, தடையில கேன்டீன் பேரும் இல்ல, அதனால கேன்டீன் கொழம்ப மோந்து பாத்துட்டுத்தான் ஊத்திக்கறேன்.