சுருள் விழுந்த நூல்

என் பீரோவில் புடவைகளுக்கு அடியில் ஒரு குல்லா இருக்கிறது. எலுமிச்சை மஞ்சள் நிறம். ஒரு சாத்துக்குடிக்குப் போட்டால் சரியாக இருக்கும், அவ்வளவு சிறியது. பின்னல் ஒரே சீராக இருக்காது. அங்கங்கே நூல் சுருண்டு, கண்ணிகள் கோணி நிற்கும். பின்னியவருக்குக் கை வராததால் அல்ல. ஒருமுறை பின்னிப் பிரித்த நூலில் மறுபடி பின்னியது அது. பிரித்தவள் நான்.

பின்னியவர் என் கணவரின் அக்கா. எங்கள் பக்கம் நங்கையா என்போம். கொடுமுடியில் தோட்டம், மாடு, வளர்ந்த இரண்டு பையன்கள் என்று கை நிறைய வேலை உள்ளவர். தொண்ணூறுகளின் நடுவில், பங்குனி முடிகிற சமயம், அத்தனையையும் விட்டுவிட்டு ஒரு துணிப்பையோடு போத்தனூரில் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தார். நான் ஆறு மாத கர்ப்பிணி. முந்தைய வருடம் ஐந்தாம் மாதத்தில் ஒன்று கலைந்திருந்தது. இந்த முறை படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். எனக்கு அம்மா இல்லை. கணவர் காலையில் மதுக்கரை சிமெண்ட் ஆலைக்குப் போனால் சட்டையெல்லாம் சாம்பல் பூத்துச் சாயங்காலம்தான் திரும்புவார்.

கல்யாணமான புதிதில் நங்கையா சில வருடம் குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் குடியிருந்தார். கம்பளி பின்னப் பழகியது அங்கேதான். வந்த மறுநாளே பையிலிருந்து இரண்டு ஊசியையும் மஞ்சள் உல்லன் நூல்கண்டையும் எடுத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். வெளியே தெருவில் கால் வைக்க முடியாத வெயில். பால்காரம்மா எட்டிப் பார்த்து, "ஏனுங்க, இந்தக் காங்கையில கம்பளியா? யாருக்குங்க, சூரியனுக்கா?" என்று கேட்டது. "ஆமாங்க, ராத்திரில அதுக்கும் குளுருமில்லீங்க" என்றார் நங்கையா, கையை நிறுத்தாமல்.

அந்த மத்தியானங்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு ஒரு கணம் இளகுகிறது. ஜன்னலில் ஈரத்துண்டு தொங்கும். நான் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை யாரோ கிழித்துச் சேர்த்துத் தைத்த தடித்த புத்தகம் ஒன்றை உரக்கப் படிப்பேன். அவர் டிரங்குப் பெட்டியில் சாய்ந்து பின்னிக்கொண்டே கேட்பார். கதை சூடு பிடிக்கும் இடத்தில் அவருக்குக் கண்ணி எண்ணிக்கை தப்பிவிடும். "அம்மணி, அந்த மாமியாக்காரி நாசமாப் போகட்டும். இதைக் கொஞ்சம் எண்ணிக் குடு" என்று ஊசியை என் பக்கம் நீட்டுவார். நான் விரல் நகத்தால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணிச் சொல்வேன். பயந்தாங்கொள்ளி நான். எழுந்தால் பயம், தும்மினால் பயம். நாட்களை எண்ணாமல் கண்ணியை எண்ணிக்கொண்டிருந்த அந்த இரண்டு மணி நேரம்தான் எனக்கு விடுதலை.

கணவரின் மொபெட் சத்தம் தெருமுனையில் கேட்டதும் நங்கையா அன்று பின்னியதை அப்படியே உருவிப் பிரித்து மறுபடி உருண்டையாகச் சுற்றிவிடுவார். முதல் நாள் அதைப் பார்த்ததும், ஏன் என்று கேட்டேன். "வவுத்துப் புள்ளைக்கு முன்னாலயே எதுவும் செஞ்சு வெக்கக் கூடாது கண்ணு. பொறந்தாலும் மொதத் துணி பழந்துணிதான். இது சும்மா கைக்கு ஒரு வேலை. பிரிச்சுப்போட்டா பின்னுனதாவே ஆகாது" என்றார். வாங்காதே, தைக்காதே, தொட்டில் கம்பிகூட மாட்டாதே என்று கேட்டு வளர்ந்தவள்தான் நானும். பட்டப்படிப்பு படித்திருந்தேன். அதனால் அந்தப் பயம் இம்மியும் குறையவில்லை.

எட்டாம் மாதம் தொடங்கிய ஒரு காலையில் எனக்கு லேசாக உதிரம் பட்டது. டாக்டரம்மா வந்து பார்த்து, அசையாமல் இரு, பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் 'பார்க்கலாம்' என் காதிலேயே நின்றது. மத்தியானம் நங்கையா கிணற்றடியில் இருந்தபோது மாற்றுத் துணி தேடி அவர் பையை இழுத்தேன். அடியில், கைக்குட்டையில் மடித்து, அந்தக் குல்லா. முழுசாக முடித்து, கட்டுவதற்குக் கயிறுகூட வைத்திருந்தது.

அதற்குப் பிறகு நான் பேசியவை எல்லாம் எனக்கு நினைவிருக்கின்றன. ஒன்றை மட்டும் எழுதுகிறேன். "எம் புள்ளைக்கு எமனா வந்தீங்களா?" என்று கேட்டேன். என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவரிடம், என் சோற்றுத் தட்டைக் கழுவியவரிடம்.

அவர் ஈரக்கையோடு வாசலில் நின்றார். "ஒரே ஒரு நாளு பிரிக்க மனசு வரல கண்ணு" என்றார். சாயங்காலம் தன் தம்பி வந்ததும், தோட்டத்தில் ஆள் இல்லை என்று ஏதோ சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். பையை எடுத்துக்கொண்டார், குல்லாவைக் கட்டில் ஓரத்தில் விட்டுவிட்டார். அவர் போனதும் நூல் நுனியைத் தேடிப் பிடித்து இழுத்தேன். வரிசை வரிசையாகச் சின்னச் சத்தத்தோடு அவிழ்ந்தது. கடைசியில் மடியில் ஒரு குவியல் நூல், சுருட்டை முடி மாதிரி. செய்ததை இல்லையென்று ஆக்கிவிட்டேன், இனி ஒன்றும் ஆகாது என்று தேற்றிக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் வலி வந்துவிட்டது. பெண் குழந்தை. ஒன்றரை கிலோவுக்குச் சற்றுமேல். கையில் வாங்கிய நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, "குல்லா கொண்டாந்தீங்களா?" அந்தச் சிறிய மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டி ஒன்றே ஒன்று. அதில் இன்னொரு குழந்தை இருந்தது. "இந்த மாதிரிப் புள்ளைங்களுக்குத் தலை வழியாத்தாங்க சூடு போயிரும். வெளிய வெயிலடிச்சா இதுகளுக்கு என்னங்க?" என்று சொல்லிக்கொண்டே பஞ்சை வைத்துப் பழைய வேட்டித் துணியால் சுற்றினாள். பஞ்சு நழுவிக்கொண்டே இருந்தது. கணவர் ஒப்பணக்காரத் தெரு முழுக்க அலைந்தார். ஒரு கடைக்காரர், "வைகாசியில உல்லன் கேக்கறீங்களே, ஐப்பசில வாங்க" என்று சிரித்தாராம். அவர் அதை என்னிடம் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்கே போனது அந்தக் குல்லா என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

கொடுமுடியில் ஒரு உரக்கடைக்குப் போன் செய்து தகவல் சொன்னார்கள். ஈரோட்டில் ரயில் மாறி மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் நங்கையா வந்து நின்றார். குழந்தையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நூலை எங்க வெச்சிருக்க?"

பிரித்திருப்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் அழுதுகொண்டே, அரிசி டின்னுக்குப் பின்னால் என்று கணவரிடம் சொன்னேன். அவர் எடுத்து வந்தார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து நங்கையா பின்ன ஆரம்பித்தார். சுருண்ட நூல், இழுத்து இழுத்துப் பிடித்தால்தான் ஊசியில் நிற்கும். கதவு திறந்திருந்தது. ஊசிகள் உரசும் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. நடுவில் ஒருமுறை, "அம்மணி, எண்ணிக் குடு" என்று உள்ளே வந்து ஊசியை நீட்டினார். இரண்டு தடவை தப்பாகச் சொன்னேன். "பரவால்ல, மெதுவா" என்றார். நர்ஸ் அதைச் சுடுதண்ணீரில் அலசி மொட்டைமாடியில் போட்டாள். அரை மணியில் காய்ந்துவிட்டது. அந்த வருடம் அந்த வெயில் எனக்குச் செய்த ஒரே நல்லது அது.

குழந்தை பிழைத்தது. இருபத்து மூன்று நாள் கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மன்னிப்புக் கேட்க ஒருமுறை வாய் திறந்தேன். குழந்தைக்கு ஆறேழு வயதிருக்கும். "அன்னிக்கு நான் பேசுனதுங்க நங்கையா..." என்று தொடங்குவதற்குள், "அட, அந்தத் தொடர்கதைக்குக் கடைசி அத்தியாயம் கெடச்சுதா? அந்தப் பொஸ்தகத்துல இல்லாமப் போச்சே" என்றார். எனக்கும் அதுவே வசதியாக இருந்தது. நான்கு வருடம் முன்பு அவர் போய்ச் சேர்ந்தார். தூக்கிக் கொண்டுபோகும்வரை நான் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. அந்த மகள் இன்று ஏழு மாத கர்ப்பிணி. என்னைப் போலவே அவளுக்கும் படுக்கை. போன வாரம் இரண்டு நாள் மருத்துவமனையில் வைத்திருந்து அனுப்பினார்கள். ஆம்புலன்ஸில் அவள் காலைப் பிடித்துக்கொண்டு போனவள் நான். அவளோ போனில் பார்த்துப் பின்னக் கற்றுக்கொண்டு, மேலே மின்விசிறி சுற்ற, பக்கத்தில் கவிழ்த்து வைத்த நாவலோடு, பட்டப்பகலில் ஒரு குல்லா பின்னுகிறாள். ஒளிவு மறைவு கிடையாது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள்.

நேற்று மத்தியானம் அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்சமும் சிரிப்பில்லாமல் பின்னலையே பார்த்திருக்கிறேன் போல. "ஏம்மா பேயக் கண்டாப்பல பாக்கறே? அவ்வளவு கேவலமாவா இருக்கு?" என்றாள். பிறகு ஊசியை நீட்டி, "எண்ணிக்கை தப்பிப்போச்சு. எத்தனைன்னு சொல்லு" என்றாள்.

வாங்கினேன். அப்போதுதான் கவனித்தேன், தொங்கிக்கொண்டிருந்த நூல் நுனி என் இடது கையில் சுற்றியிருந்தது. எப்போது சுற்றினேன் என்று தெரியவில்லை. ஒரு இழுப்பு போதும். பீரோவிலிருக்கும் குல்லாவைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. காட்டினால் அதன் சுருக்கம் ஏன் என்று கேட்பாள்.

விரலிலிருந்து நூலைச் சுற்றுச் சுற்றாகக் கழற்றினேன். நகத்தால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினேன். நாற்பத்தெட்டு. நம்பிக்கை வராமல் மறுபடி எண்ணினேன். "இரு, ஒன்னு எடுத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு, பீரோவைத் திறக்க எழுந்தேன்.