பேதிக்குத் தண்ணீர் கூடாது

அந்தக் காலத்துச் சேலத்தில் கைக்குழந்தைக்குப் பேதி கண்டால் முதல் வேலையாகத் தண்ணீரை நிறுத்துவார்கள். மாதா கோயிலை ஒட்டிய எங்கள் தெருவில் இதில் மறுபேச்சே கிடையாது. கோடை வந்தால் கிணற்றில் அடிமண் தெரியும், ஈ மொய்க்கும், பேதி வரும், வீட்டுக்கு வீடு சின்னஞ்சிறுசுகள் போகும்.

என் தலைப்பிள்ளையும் அதில்தான் போனான். அடுத்துப் பிறந்த பெண்ணுக்கும் பேதி கண்டபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டில் பெரியவர் என் நாத்தனார்; அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். புருஷனை இழந்து எங்களோடு இருந்தவர். கெட்டவர் இல்லை. ஜாதிக்காயை இழைத்து நாக்கில் தடவுவார், ஜெபமாலை சொல்வார், தண்ணீர் மட்டும் தரமாட்டார். சூடு என்று என் பாலையும் நிறுத்தியாயிற்று. நான் கெஞ்சினால், "தண்ணி ஊத்துனா தண்ணியாத்தான் போவும் கண்ணு, கொஞ்சம் பொறு" என்பார்.

ஒரு மத்தியானம் குழந்தையின் கண் உள்ளே போய்விட்டது. அழுதால் கண்ணீர்கூட வரவில்லை. நாத்தனாருக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. குழந்தைக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. ஞானத்தகப்பனாக நிற்க வேண்டிய என் அண்ணனுக்கு மேட்டூரில் வேலை, லீவு கிடைக்காமல் தள்ளிக்கொண்டே போனது. ஞானஸ்நானம் இல்லாமல் செத்தால் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியேதான் குழி. கோயில் சாமியாரைக் கூப்பிட நேரமில்லை என்றால் யாரும் கொடுக்கலாம் என்பது எங்கள் வழக்கம். நாத்தனார் சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து, ஜெபம் சொல்லி, நெற்றியில் ஊற்றினார்.

தண்ணீர் மூக்கோரமாக வழிந்து உதட்டுக்கு வந்தது. செத்தது போலக் கிடந்தவள் நாக்கை நீட்டி நக்கினாள். மறுபடியும் நீட்டினாள்.

நான் சொம்பைப் பிடுங்கிக்கொண்டேன். "இனி யாரு சொன்னாலும் கேக்கமாட்டேனுங்க அண்ணி" என்றேன். அவர் தடுக்கவில்லை. போகிற உயிர்தானே என்று விட்டிருப்பார். அந்தத் தண்ணீரையே சங்கில் சொட்டுச் சொட்டாக ஊற்றினேன். கொஞ்சம் தெளிந்ததும் பால் கொடுக்க மார்பில் போட்டேன். விளக்கு வைக்கும் நேரத்தில், அன்றைக்கு முதல் தடவையாக மூத்திரம் பெய்து என் மடியை நனைத்தாள். ஈரச் சேலையோடு உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். சந்தோஷம்தான், வேறென்ன.

பிழைத்துக்கொண்டாள். எல்லாம் ஞானஸ்நானத்தின் புண்ணியம் என்றது தெரு. இருக்கட்டும். போய்ச் சேர்ந்த என் தலைப்பிள்ளைக்குப் பிறந்த மாசமே கோயிலில் முறையாக ஞானஸ்நானம் ஆகியிருந்தது. அதனால் அவன் நாக்கு வறண்டு கிடந்தபோது, பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுபோக யாருக்கும் அவசியம் இல்லாமல் போயிற்று.