வார்டன் ரோஸ்லினின் மகள்

பெற்ற மகளுக்கே மேடம் ஆகிப்போனவள் ரோஸ்லின். அதற்கு ஒத்திகை நடத்தியவளும் அவளேதான்.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, பிழைக்க வந்தது தெலுங்கு நாட்டுப் பட்டணத்துக்கு. புருஷனுக்கு ஊரின் ஒரு கோடியில், ஜீடிமெட்லாவில், மருந்துக் கம்பெனி வேலை; வீடு மறுகோடியில், உப்பலில். மனுஷனுக்குப் பாதி ஆயுசு பஸ்ஸிலேயே போனது. ஐ.ஐ.டி.க்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் பெரிய விடுதிக் கல்லூரி ஒன்றில் ரோஸ்லினுக்கு வார்டன் வேலை கிடைத்தது; பிளஸ் டூ படிப்பையே அங்கே கல்லூரி என்பார்கள். மகள் பிளெஸ்ஸிக்கும் அங்கேயே இலவசமாகச் சீட்டு. கரும்பு தின்னக் கூலியா? ஒரே ஒரு நிபந்தனை: காம்பவுண்டுக்குள் அம்மா, மகள் என்ற பேச்சே கூடாது. மற்ற பிள்ளைகள் ஏங்கிப்போவார்களாம். என்ன ஒரு கரிசனம்!

சேரும் முன்பே வீட்டில் மகளை நிறுத்திவைத்துப் பழக்கினாள்.

"வாய் தவறி அம்மான்னு சொன்னியோ, சீட்டு போயிரும் பாத்துக்க. எங்க, சொல்லு."

பிளெஸ்ஸி விழுந்து விழுந்து சிரித்தபடி "மேடம்" என்றாள். அன்றைக்கு இருவருக்கும் அது விளையாட்டு.

கல்லூரியில் வாரம்தோறும் பரீட்சை. மார்க்குக்குத் தகுந்தபடி கழுத்தில் தொங்கும் அட்டை நீலம், பச்சை, சாம்பல் என்று மாறும். அட்டை மாறினால் வகுப்பு மாறும், அறை மாறும், கூடச் சாப்பிடுகிறவர்களும் மாறுவார்கள். தலை பின்னும் நேரம் வீண் என்று எல்லோருக்கும் முடியைக் கழுத்தோடு வெட்டினார்கள். பிளெஸ்ஸியின் நீளப் பின்னல் விழுந்தபோது பக்கத்தில் நின்று கண்ணாடி பிடித்தவள் ரோஸ்லின். மகள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். ரோஸ்லின் கண்ணாடியைப் பார்த்தாள். வேறென்ன செய்வாள்?

ஊரோடு ஒத்து வாழ் என்பார்கள். பிளெஸ்ஸி ஒத்து வாழக் கற்றுக்கொண்டாள், கொஞ்சம் அதிகமாகவே.

இரண்டாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, படிக்கிற நேரத்தில், பச்சை அட்டைக்காரிகளின் அறையில் சாஹித்யா என்ற பெண் ஒளித்து வைத்திருந்த செல்போனில் படம் ஓடியது. நாலைந்து பேர் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். ரோஸ்லின் பின்னால் போய் நின்றதுகூட அவர்களுக்குத் தெரியவில்லை. இங்கிலீஷ் படம். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே உடுப்பு, ஒரே முடி, பெயருக்குப் பதில் நம்பர். ஒருத்தி மட்டும் நம்பரைப் பிய்த்தெறிந்துவிட்டு ஓடுகிறாள். பேசியது ஒன்றும் புரியாவிட்டாலும் ரோஸ்லினுக்கு எல்லாம் புரிந்தது. போனைப் பிடுங்க வேண்டியவள், "சீக்கிரம் அணைச்சு வைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

அதே அறையில், மூலைக் கட்டிலில், படத்தின் பக்கமே திரும்பாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள் பிளெஸ்ஸி.

சாயங்காலம் பிரின்சிபால் கூப்பிட்டனுப்பினார். போன் அவர் மேஜைமேல் இருந்தது. இன்னொரு முறை கண்டுங்காணாமல் இருந்தால் வேலையும் போகும், சீட்டும் போகும் என்றார். கடைசியில் குரலை இறக்கி, "புகார் சொன்னது உங்கள் பெண்தான். நன்றாக வளர்த்திருக்கிறீர்கள்" என்று பாராட்டினார். மறுநாள் காலையில் சாஹித்யாவின் அப்பா வந்து, தலை குனிந்தபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகளோடு போனார்.

கைகழுவும் குழாயடியில் பிளெஸ்ஸி தனியாக அகப்பட்டாள்.

"ஏன்ட்டி சொன்ன?"

"சொல்லலைன்னா எனக்கும் பனிஷ்மென்ட், மேடம்." முகத்தில் கோபமில்லை, பயமுமில்லை. அதுதான் ரோஸ்லினைக் கொன்றது.

கிறிஸ்துமஸுக்கு ஒரு நாள் லீவு. உப்பல் வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு கொதித்தது. சாப்பிடக் கூப்பிட்டதும் பிளெஸ்ஸி தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களை வாசலில், சுவரோரமாக, விடுதிச் சாப்பாட்டு வரிசையில் நிற்பதுபோல நின்றாள்.

"ஏட்டி, என்ன நிக்க? வந்து உக்காரு."

நகரவில்லை.

"நம்ம வீடுதானம்மா" என்றார் அப்பா. லேசாகச் சிரித்தாள், கால் மட்டும் அசையவில்லை. எதற்கோ காத்திருந்தாள்.

எதற்கென்று ரோஸ்லினுக்குத் தெரியும். கரண்டியைக் கீழே வைத்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"பிளெஸ்ஸி, சிட் டவுன்."

"யெஸ், மேடம்."

உட்கார்ந்தாள்.