நெற்றியில் வைத்த வெள்ளி நாணயம்

தொண்ணூறுகளின் கடைசியில் திருவொற்றியூரில் ஏழுமலை என் பக்கத்து வீட்டுக்காரன். இருவருக்கும் நாணயம் சேர்க்கும் பைத்தியம். சேகரிப்பவர்களுக்கென்றே வெளியிட்ட நூறு ரூபாய் வெள்ளி நாணயத்தை, முன்பணம் கட்டி வரவழைத்திருந்தான். நான் தவறவிட்டது அது.

திடீரென்று அவன் இறந்தபோது, மனைவி அதையே அவன் நெற்றியில் வைத்தாள். பாடையில் கிடத்தும்போது நாணயம் நழுவி விழுந்தது. நான்தான் குனிந்து எடுத்தேன். திரும்ப வைத்தது என் சட்டைப்பையிலிருந்த ஒரு ரூபாய். யாரும் பார்க்கவில்லை.

காரியம் முடிந்ததும் அவள் நாணயத்தின் காலிப் பெட்டியை நீட்டினாள்.

"அவரு உசுரா வச்சிருந்த காசு அவரோடவே போயிடுச்சுண்ணா, மனசுக்கு நிம்மதியா கீது. பொட்டி உன்கிட்டயே இருக்கட்டும். உனக்குத்தான் இதோட அருமை தெரியும்."

வாங்கிக்கொண்டேன். இரண்டும் இன்று என்னிடம்தான் இருக்கின்றன. அந்த நாணயத்தை அந்தப் பெட்டிக்குள் வைக்க மட்டும் எனக்கு இதுவரை துணிச்சல் வரவில்லை.