சஹனில் என் பக்கம்

விருந்துப் பிரியாணி சமைப்பவனுக்குக் கைதான் முக்கியம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மூக்குதான் என்பது அது போன பிறகு எனக்குத் தெரிந்தது.

பட்டுக்கோட்டை சாலையில் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடி. தஞ்சாவூரில் மாதக்கணக்கில் சிகிச்சை, பிறகு நடக்கவும் பேசவும் பயிற்சி. அதிராம்பட்டினம் திரும்பியபோது மோப்ப சக்தி போயிருந்தது, வலது கை நடுங்கியது. ஊர் இனி என்னை அடுப்புக்கும் கூப்பிடாது, பந்திக்கும் கூப்பிடாது என்ற பயம் மட்டும் திடமாக இருந்தது. என்னைப் போல் அடிபட்டு வீடு திரும்பிய உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பரீட்சை

நலம் விசாரிக்க வந்த எல்லோரும் தங்களை யாரென்று தெரிகிறதா என்று கேட்டார்கள். உங்களுக்கும் இந்தப் பரீட்சை நடந்திருக்கும். ஜவுளிக்கடை ஹாஜியாரும் கேட்டார், அதுவும் செவிடனிடம் பேசுவதுபோல் உரக்க. எனக்கு எரிச்சல். வார்த்தைகளைத் தேடிப் பிடித்து, உங்கள் மூத்த மகள் கல்யாணத்தில் திரும்பத் திரும்பக் கறி கேட்டு வாங்கியவர் நீங்கள்தானே என்றேன். அவர் என் மனைவி பக்கம் திரும்பினார்.

"தலை சரியாத்தாம்மா இருக்கு. சின்னவ கல்யாணத்துக்கும் இவர்தான் சமைக்கணும்."

இரவல் மூக்கு

அந்தக் கல்யாணத்துக்கு முன் கொல்லையில் ஒரு சின்னச் சட்டி வைத்துப் பார்த்தோம். துணைக்கு என் கூட்டாளி ரஃபீக். என்னை அண்ணனாக நினைத்துக் காக்கா என்று கூப்பிடுபவன். மூடியை மாவால் ஒட்டித் தம் போட்டுவிட்டால், உள்ளே நடப்பதை மூக்கு ஒன்றுதான் சொல்லும். அடிபிடித்துத் தெருவே தீய்ந்த வாடை அடித்திருக்கிறது; நான் பக்கத்திலேயே நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். கடைக்குப் போயிருந்த ரஃபீக் ஓடி வந்து சட்டியை இறக்கினான். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஹாஜியாரை வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிடு என்றேன்.

"நெருப்பை நீங்க பாருங்க காக்கா. மோந்து சொல்ல நான் இருக்கேன்."

சிந்திய சோறு

கல்யாணத்தன்று அவன் அண்டாவை விட்டு நகரவே இல்லை. இறக்கலாம் என்று அவன் சொன்னபோது இறக்கினேன்.

எங்கள் ஊர் விருந்தில் சஹன் என்னும் பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுவோம். என் கை நடுக்கத்துக்கு அது சரிப்படாது. அடுப்படியிலேயே சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று ஒதுங்கினேன். ஹாஜியார் விடவில்லை; கையைப் பிடித்து அழைத்துப்போய்த் தன் சஹனில் உட்கார வைத்தார். முதல் கவளமே அவர் பக்கம் சிந்தியது. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஹாஜியார் அந்தச் சோற்றையும் சேர்த்து அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

"வெறும் சோறா சிந்துறீங்களே, கறியையும் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க."

எல்லோரும் சிரித்த சிரிப்பில் பிரியாணி மணம் எப்படி இருந்தது என்று கேட்க மறந்துவிட்டேன். அந்த மறதிக்கு மட்டும் தலையில் பட்ட அடி பொறுப்பல்ல.